327 நிக்கலேட் வில்லை: உலோகமா இல்லையா? காந்த அளவீடும் ஒத்துவரவில்லை

குளுகோர் யாழினி எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். பினாங்கில் இயற்பியலில் முதுகலை ஆய்வு செய்துகொண்டிருக்கிறேன். தலைப்பு அடுக்கு நிக்கல் ஆக்சைடுகளின் (நிக்கலேட்) மின் பண்பும் காந்தப் பண்பும். லேபில் எண்களை வைத்துத்தான் பேசிக்கொள்கிறோம், இங்கேயும் அப்படியே எழுதுகிறேன்: லாந்தனம் 2, நிக்கல் 1, ஆக்சிஜன் 4 என்றால் 214, லாந்தனம் 3, நிக்கல் 2, ஆக்சிஜன் 7 என்றால் 327, அதேபோல் 4310, அடுக்காகப் பிரியாமல் முப்பரிமாணமாக இருப்பது 113.

உயர் அழுத்த வசதி எங்களிடம் இல்லை. அதனால் மீகடத்தி (மின்தடையே இல்லாத பொருள்) கனவெல்லாம் கிடையாது, சாதாரண அழுத்தத்தில் 214, 327 இரண்டையும் செய்து ஒப்பிட்டால் போதும் என்று வழிகாட்டி சொல்லிவிட்டார். லாந்தனம் ஆக்சைடையும் நிக்கல் ஆக்சைடையும் அகேட் கல்வத்தில் அரைத்து, வில்லையாக அழுத்தி, காற்றிலேயே 1100 டிகிரி செல்சியஸில் சுட்டு, மறுபடி அரைத்து மறுபடி சுட்டேன். இளம்பச்சையாகப் போனது கன்னங்கரேலென்று வெளியே வந்தது. எக்ஸ்ஆர்டியில் (எக்ஸ்ரே விளிம்பு விளைவு, இங்கே டிகிரி என்பது கோணம்) 20 டிகிரியிலிருந்து ஓட்டிய ஸ்கேன் புத்தகத்தோடு ஒத்துப்போகிறது, 327இல் மட்டும் 43 டிகிரிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன கூடுதல் முகடு.

குறைந்த வெப்பநிலை அளவீட்டை வெளியே அனுப்பித்தான் எடுத்தோம். 214 சுத்தமான மின்காப்பி, குளிரக் குளிர மின்தடை ஏறிக்கொண்டே போகிறது. 327 அறை வெப்பநிலையிலிருந்து உலோகம் மாதிரி இறங்குகிறது, 140, 150 கெல்வின் பக்கம் லேசாக ஒரு வளைவு, அப்புறம் 60 கெல்வினுக்குக் கீழே திரும்ப ஏறுகிறது. காந்த அளவீடு இன்னும் மோசம். 214இல் 330 கெல்வின் பக்கம் எதிர்ஃபெரோ (பக்கத்துப் பக்கத்துக் காந்தங்கள் எதிரெதிராக நிற்கும்) மாற்றம் தெரிய வேண்டும் என்று படித்தேன், ஒன்றுமே தெரியவில்லை. 327இல் அறை வெப்பநிலையிலேயே சின்னதாக ஒரு ஹிஸ்டரிசிஸ் வளையம் (புலத்தை ஏற்றி இறக்கினால் காந்தமாக்கம் அதே பாதையில் திரும்பவில்லை), தாழ்ந்த வெப்பநிலையில் வால் மாதிரி ஓர் ஏற்றம்.

மூன்று கேள்விகள். நிக்கல், ஆக்சிஜன் இரண்டிலும் அதேதான், பிறகு ஏன் ஒன்று மின்காப்பி, இன்னொன்று உலோகம்? அந்த ஹிஸ்டரிசிஸ் என் பொருளுடையதா? 140, 150 வளைவை ஆய்வறிக்கையில் அடர்த்தி அலை (எலக்ட்ரான்களின் மின்சுமையோ சுழற்சியோ அலை அலையாக ஒழுங்குபடுவது) என்று எழுதலாமா?

செந்தூல் கதிர் எழுதியது:

வணக்கம் தங்கச்சி. நான் கோலாலம்பூரில் இருக்கிறேன், இந்தக் குடும்பத்தில்தான் முனைவர் பட்டம் செய்தேன், இப்போது வேறு வேலை. உன் முதல் கேள்விதான் எனக்குப் பிடித்தது, அதையே நீளமாகச் சொல்கிறேன்.

நிக்கலின் மின்சுமையை எண்ணிப் பார். 214இல் நிக்கல் 2+. 327இல் சராசரி 2.5+. 4310இல் சுமார் 2.67+. 113இல் 3+. நிக்கல் 2+ என்றால் 3டி கூட்டில் எட்டு எலக்ட்ரான். அதில் ஆறு கீழ்மட்டத்தில் ஜோடி ஜோடியாக அடங்கிவிடும். மேல்மட்டத்தில் இரண்டு ஆர்பிட்டல், ஒன்று நிக்கல் தளத்திலேயே படர்ந்தது (எக்ஸ்-ஒய் என்று சொல்லிக்கொள்வோம்), இன்னொன்று தளத்துக்குச் செங்குத்தாக மேலும் கீழும் நீண்டது (இசட்). மீதி இரண்டு எலக்ட்ரானும் ஆளுக்கொரு ஆர்பிட்டலில் ஒரே திசைச் சுழற்சியோடு (ஸ்பின்) உட்காரும். மொத்தச் சுழற்சி 1. ஓர் எலக்ட்ரான் பக்கத்து நிக்கலுக்குத் தாவ வேண்டுமானால் அங்கே ஏற்கெனவே இருப்பவரின் விலக்கத்தைத் தாண்ட வேண்டும், அந்த விலக்க ஆற்றல் எலக்ட்ரான்களின் ஆற்றல் பட்டையின் அகலத்தைவிடப் பெரியது, அதனால் யாரும் நகர்வதில்லை. பாதி நிரம்பிய பட்டை உலோகமாகத்தானே இருக்க வேண்டும் என்று கேட்டால், அதே கேள்வியை 1937லேயே சாதாரண நிக்கல் ஆக்சைடை வைத்து டி போயரும் வெர்வேயும் எழுப்பிவிட்டார்கள், மாட் மின்காப்பி என்ற பேச்சு அங்கிருந்துதான் தொடங்குகிறது. இன்னும் நுணுக்கமாகச் சொன்னால் நிக்கல் ஆக்சைடில் ஆக்சிஜனின் பங்கும் பெரியது. 1985இல் சானென், சவாட்ஸ்கி, ஆலன் மூவரும் போட்ட வகைப்பாட்டைப் படித்துவிடு, வைவாவில் நிச்சயம் கேட்பார்கள்.

சரி, 327க்கு வருவோம். இங்கே இரண்டு விஷயம் ஒரே நேரத்தில் மாறுகிறது. ஒன்று, நிக்கல் 2.5+ ஆகிவிட்டதால் இரண்டு நிக்கலுக்கு ஓர் எலக்ட்ரான் குறைகிறது, நகர இடம் கிடைக்கிறது. இரண்டாவது, நிக்கல் தளங்கள் தனித்தனியாக இல்லை, இரண்டிரண்டாக ஒட்டியிருக்கின்றன, நடுவில் ஓர் ஆக்சிஜன். மேல்தளத்து இசட் ஆர்பிட்டலும் கீழ்த்தளத்து இசட் ஆர்பிட்டலும் அந்த ஆக்சிஜன் வழியாகக் கைகோத்து, பிணைப்பு மட்டம், எதிர்ப்பிணைப்பு மட்டம் என்று இரண்டாகப் பிரிகின்றன. 214இல் இந்தக் கைகோப்புக்கே வழியில்லை, தளங்களுக்கு நடுவில் லாந்தனம் ஆக்சைடு அடுக்கு குறுக்கே நிற்கிறது. 4310இல் மூன்று தளம், 113இல் எல்லாத் திசையிலும் தொடர்ச்சி, அது நல்ல உலோகம். நியோடிமியம் போட்ட 113 சுமார் 200 கெல்வினில் மின்காப்பியாகிவிடும், லாந்தனம் போட்டது மட்டும் கடைசிவரை உலோகமாகவே இருக்கும். நிக்கல், ஆக்சிஜன், நிக்கல் மூன்றும் எவ்வளவு நேர்கோட்டில் நிற்கின்றன என்பதுதான் அங்கே வித்தியாசம்.

எலக்ட்ரானைக் குறைத்தால் உலோகம் ஆகிவிடும் என்றால் 214இலேயே ஸ்ட்ரான்சியம் சேர்த்துக் குறைக்கலாமே என்று தோன்றும். செய்து பார்த்திருக்கிறார்கள், ஆகவில்லை. தாமிர 214இல் லாந்தனத்தில் கொஞ்சம் ஸ்ட்ரான்சியத்தை மாற்றினாலே மீகடத்தி. நிக்கலில் ஒரு வாய்பாட்டுக்கு ஏறக்குறைய ஒரு ஸ்ட்ரான்சியம் போகும்வரை மின்காப்பிதான். சேர்த்த துளைகள் (எலக்ட்ரான் இல்லாத காலியிடங்கள்) சும்மா திரியாமல் வரிசை வரிசையாகப் பட்டை கட்டி (ஸ்ட்ரைப், மேலே சொன்ன ஆற்றல் பட்டை இல்லை) உறைந்துவிடுகின்றன. மூன்றில் ஒரு பங்கு ஸ்ட்ரான்சியத்தில் மின்சுமைப் பட்டை சுமார் 240 கெல்வினிலும், சுழற்சிப் பட்டை 190, 200 கெல்வின் வாக்கிலும் ஒழுங்குபடும். தாமிரத்தில் பட்டைகள் என்று 1995க்குப் பிறகு பெரிய ஆரவாரம் நடந்ததே, நிக்கலில் 1993லேயே எலக்ட்ரான் விளிம்பு விளைவில் பார்த்துவிட்டார்கள். நிக்கலேட் ஆட்களுக்கு அதில் இன்றைக்கும் ஒரு மனக்குறை உண்டு, எனக்கும் உண்டு.

மற்ற இரண்டு கேள்விக்கு நாளைக்கு வருகிறேன். அதற்குள் ஒன்று சொல், லாந்தனம் ஆக்சைடை நிறுக்கும் முன் சுட்டாயா?

பட்டர்வொர்த் மல்லிகா எழுதியது:

கதிர் கடைசி வரியில் கேட்டதுதான் முதலில் கேட்க வேண்டிய கேள்வி. நான் வேதியியல் ஆள், இயற்பியல்காரர்கள் ஹாமில்டோனியன் (ஆற்றல் சமன்பாடு) எழுதுவதற்கு முன்னால் பாட்டிலைப் பார்க்க வேண்டும் என்ற கட்சி.

லாந்தனம் ஆக்சைடு நம் ஊர்க் காற்றில் சும்மா இருக்காது. 80 சதவீத ஈரப்பதம் இங்கே சாதாரணம். திறந்து மூடிய பாட்டிலில் இருக்கும் வெள்ளைப் பொடி ஆக்சைடு என்று லேபிளில் எழுதியிருக்கும், உள்ளே பாதி ஹைட்ராக்சைடும் கொஞ்சம் கார்பனேட்டும் இருக்கும். பொடி உப்பிப் பொசுபொசுவென்று இருந்தால் சந்தேகமே வேண்டாம். முழுக்க ஹைட்ராக்சைடு ஆகிவிட்டால் எடை 16.6 சதவீதம் கூடும். அதை ஆக்சைடு என்று நினைத்து நிறுத்தால் லாந்தனம் 14 சதவீதம் குறைவாகப் போகும். 327க்கு லாந்தனமும் நிக்கலும் 1.5 விகிதத்தில் வேண்டும். 14 சதவீதம் குறைந்தால் அது 1.29 ஆகிவிடும். 4310க்கே 1.33 வேண்டும் தங்கச்சி. அதாவது நீங்கள் 327 என்று நினைத்து உலையில் வைத்தது, கணக்குப்படி பார்த்தால், 4310உம் மிச்ச நிக்கல் ஆக்சைடும் ஆகக்கூடிய கலவை. பாதி ஈரம் பிடித்திருந்தால் நடுவில் எங்கேயோ வந்து நிற்கும். உங்கள் 43 டிகிரி முகடு எனக்கு அதைத்தான் சொல்கிறது. தாமிரக் குழாய் எக்ஸ்ரே என்றால் நிக்கல் ஆக்சைடின் பலமான முகடு 43.3இல், அடுத்தது 37.2இல் வரும். 37இல் ஏதாவது தெரிகிறதா பாருங்கள்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். லாந்தனம் ஆக்சைடை 1000 டிகிரியில் இரவு முழுக்கச் சுடுங்கள். உலை 200, 300 டிகிரிக்கு இறங்கும்போதே இடுக்கியால் மூசையை எடுத்து டெசிகேட்டரில் வையுங்கள், அறை வெப்பநிலைக்கு வந்ததும் நிறுத்துவிடுங்கள். பசியாறப் போய்விட்டு வந்து நிறுக்கலாம் என்று விடாதீர்கள். தராசின் மேலேயே எண் ஏறுவது கண்ணுக்குத் தெரியும், கடைசி இலக்கம் நிற்காது.

அடுத்தது உலை. காற்றில் சுடும்போது இந்தக் குடும்பத்தில் ஒவ்வொன்றுக்கும் ஒரு வெப்பநிலை ஜன்னல். 113 சுமார் 1000 டிகிரிவரை தாங்கும், அதற்கு மேலே 4310, அதற்கும் மேலே 327, இன்னும் ஏறினால் 214உம் நிக்கல் ஆக்சைடும். 327இன் ஜன்னல் 1100 டிகிரியை ஒட்டி மிகக் குறுகலாக இருக்கிறது. உங்கள் உலையின் திரையில் 1100 என்றால் வில்லை இருக்கும் இடத்தில் எவ்வளவு என்று தனி தெர்மோகப்பிள் வைத்துப் பார்த்தீர்களா? பழைய குழாய் உலைகளில் 30 டிகிரி வித்தியாசம் அதிசயமே இல்லை. கல்வத்தில் அரைப்பதைவிட இரண்டையும் நைட்ரேட்டாக்கி, சிட்ரிக் அமிலத்தோடு ஜெல்லாக்கிச் சுடும் முறை 327க்கு ரொம்ப நல்லது, அணு அளவில் கலந்துவிடும், குறைந்த நேரத்தில் முடியும்.

(குவாந்தான் பக்கம் கெபெங்கில் லாந்தனத்தை டன் கணக்கில் பிரித்தெடுக்கிறார்கள். நம் லேபுக்கு 100 கிராம் பாட்டில் கடல் கடந்து, இரண்டு மாதம் கழித்து, அதுவும் ஈரம் பிடித்து வருகிறது.)

குளுகோர் யாழினி எழுதியது:

நன்றி அக்கா, நன்றி அண்ணா. லாந்தனம் ஆக்சைடை 900இல் சுட்டுத்தான் நிறுத்தோம், ஆனால் அதே பொடியை டெசிகேட்டரில் வைத்து அடுத்த கலவைக்கும் எடுத்தோம். 214 முதல் கலவை, 327 அடுத்தது. 37இல் ஒரு மேடு இருக்கிறது, பின்னணி இரைச்சல் என்று விட்டிருந்தோம். ஜெல் முறைக்கு நைட்ரேட் ஆர்டர் போடச் சொல்கிறேன்.

பாயான் லெப்பாஸ் குமரன் எழுதியது:

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். நான் சிப் பேக்கேஜிங் பக்கம் வேலை, இயற்பியல் கல்லூரியோடு போச்சு. நிக்கலேட் 80 கெல்வின் மீகடத்தி என்று 2023இல் செய்தியில் பார்த்தேனே, அது இந்த 327தானா? அப்படியென்றால் திரவ நைட்ரஜனிலேயே வேலை செய்யுமே, ஏன் யாரும் பெரிதாகப் பேசவில்லை?

செந்தூல் கதிர் எழுதியது:

அதே 327தான் குமரன். குவாங்சோவில் சுன் யாட்சென் பல்கலைக்கழகத்து மெங் வாங் குழு 2023இல் வெளியிட்டது. சுமார் 80 கெல்வின், திரவ நைட்ரஜனின் 77க்கு மேலேதான். சிக்கல் அழுத்தம். 14 ஜிகாபாஸ்கலுக்கு மேல் வேண்டும், வளிமண்டல அழுத்தத்தைப் போல ஏறத்தாழ 1,38,000 மடங்கு. இரண்டு வைர முனைகளுக்கு நடுவில் கண்ணுக்குச் சரியாகத் தெரியாத துணுக்கை வைத்து நசுக்கித்தான் பார்க்க முடியும், அதில் கம்பி சுற்ற முடியாது.

அழுத்தம் என்ன செய்கிறது என்பது யாழினிக்கும் பயன்படும். நான் சொன்ன அந்த நடு ஆக்சிஜன் சாதாரண அழுத்தத்தில் நேர்கோட்டில் இல்லை, நிக்கல், ஆக்சிஜன், நிக்கல் கோணம் சுமார் 168 டிகிரி. அழுத்தினால் 180க்கு நிமிர்கிறது, இசட் ஆர்பிட்டல்களின் பிடி இறுகுகிறது, அமைப்பின் சமச்சீரும் மாறுகிறது. மீகடத்தலுக்கு அந்தச் செங்குத்துப் பிடிதான் காரணமா, தளத்துக்குள் இருக்கும் எக்ஸ்-ஒய் எலக்ட்ரான்கள் காரணமா என்று இன்னும் அடித்துக்கொள்கிறார்கள். நான் இரண்டும் சேர்ந்ததுதான் என்ற பக்கம்.

அழுத்தத்துக்குப் பதிலாக மெல்லிய படலமாக, அணு இடைவெளி கொஞ்சம் குறுகிய ஒரு படிகத்தின் மேல் வளர்த்து பக்கவாட்டில் இறுக்கினால் போதுமா என்று பார்த்தார்கள். ஸ்டான்ஃபோர்டு குழுவும் ஷென்ஜென் குழுவும் சாதாரண அழுத்தத்திலேயே சுமார் 40 கெல்வினில் மின்தடை விழத் தொடங்குவதைக் காட்டிவிட்டன. 4310உம் அழுத்தத்தில் மீகடத்தியாகிறது, சுமார் 30 கெல்வின்.

இதற்கெல்லாம் முன்னால் 2019இல் ஸ்டான்ஃபோர்டில் டான்ஃபெங் லீயும் ஹரால்ட் ஹ்வாங்கும் வேறு வழியில் போனார்கள். ஸ்ட்ரான்சியம் கலந்த நியோடிமியம் 113 படலத்தை வளர்த்து, கால்சியம் ஹைட்ரைடோடு சூடாக்கி, செங்குத்து ஆக்சிஜனை மட்டும் உருவி 112 ஆக்கினார்கள். நிக்கல் 1+ ஆகி ஒன்பது எலக்ட்ரான், தாமிர 2+ மாதிரியே. 9 முதல் 15 கெல்வினில் மீகடத்தல். அப்படி ஒரு பொருள் தாமிரத்தைப் போல நடக்கலாம் என்று 1999லேயே அனிசிமோவும் கூட்டாளிகளும் கணக்குப் போட்டு எழுதியிருந்தார்கள். இந்த வகையில் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் சமாரியம் வைத்து 2025இல் 40 கெல்வின் பக்கம் போய்விட்டார்கள். ஜோகூர் பாலத்துக்கு அந்தப் பக்கம் நடக்கிற வேலை, நம் பிள்ளைகள் எத்தனை பேருக்குத் தெரியும் என்பது வேறு விஷயம்.

இன்னொரு பழைய கதை. 1987 நோபல் வாங்கிய பெட்நோர்ஸும் முல்லரும் தாமிரத்தில் தொடங்கவில்லை. லாந்தனம் நிக்கல் 113இல் நிக்கலுக்குப் பதில் கொஞ்சம் அலுமினியம் போட்டு முதலில் முயன்றார்கள், வரவில்லை, பிறகுதான் தாமிரத்துக்குப் போனார்கள். நோபல் உரையில் அவர்களே சொல்லியிருக்கிறார்கள்.

யாழினி, இப்போது உன் காந்த அளவீடு.

ஹிஸ்டரிசிஸை உன் பொருளின் பண்பு என்று தயவுசெய்து எழுதிவிடாதே. ஒரு கிராம் இரும்பின் தெவிட்டு காந்தமாக்கம் சுமார் 218 ஈஎம்யு (காந்தத் திருப்புதிறனின் அலகு). அப்படியென்றால் ஒரு மைக்ரோகிராம் இரும்புக்கு 0.0002 ஈஎம்யு. விஎஸ்எம் (காந்தமாக்கத்தை அளக்கும் கருவி) அதில் நூறில் ஒரு பங்கையே பார்த்துவிடும். வில்லை அழுத்திய எஃகு அச்சு, எஃகுக் கரண்டி, வில்லையை உடைத்த இடுக்கி, இதில் எதிலிருந்து வேண்டுமானாலும் ஒரு மைக்ரோகிராம் வரும். முதலில் வளையத்தின் உயரம் வெப்பநிலையோடு மாறுகிறதா பார். 300 கெல்வினிலும் 50 கெல்வினிலும் கிட்டத்தட்ட ஒரே உயரம் என்றால் அது இரும்பு அல்லது நிக்கல் உலோகம், இரண்டின் கியூரி வெப்பநிலையும் (ஃபெரோ காந்தத்தன்மை போய்விடும் வெப்பநிலை) அறை வெப்பநிலைக்கு வெகு மேலே (இரும்புக்கு 770 டிகிரி செல்சியஸ், நிக்கலுக்கு 358). காற்றில் சுட்டதால் நிக்கல் உலோகம் வர வாய்ப்பில்லை, ஹைட்ரஜனில் வைத்தவர்களுக்குத்தான் அந்தத் தலைவலி. வில்லையின் மேல்தோலை சிலிக்கன் கார்பைடு தாளில் தேய்த்து எடுத்துவிட்டு, பிளாஸ்டிக் இடுக்கியால் நடுத்துண்டை மட்டும் எடுத்து அளந்து பார். அப்படியும் மிச்சம் இருந்தால், காந்தமாக்கத்தைப் புலத்தால் வகுத்து, புலத்தின் தலைகீழுக்கு எதிராக வரைந்து, பூச்சியத்துக்கு நீட்டு. பெரிய புலத்தில் இரும்பு தெவிட்டிவிடும், உன் பொருளின் பங்கு மட்டும் வெட்டுத்துண்டில் நிற்கும். ஹோண்டா, ஓவன் முறை என்று பழைய புத்தகத்தில் இருக்கும்.

தாழ்ந்த வெப்பநிலை வால் அநேகமாகத் தனித்து நிற்கும் சுழற்சிகள். ஆக்சிஜன் இல்லாத இடத்தில் சில நிக்கல்கள் தனியாக நின்றுவிடும். கியூரி விதியில் பொருத்தி எத்தனை சதவீத நிக்கல் என்று ஒரு எண் கொடு, அதுவே தேர்வாளருக்குப் போதும்.

214இல் 330 தெரியாததற்கு இரண்டு காரணம். ஒன்று, காற்றில் சுட்ட 214 ஒருபோதும் சரியாக 4 ஆக்சிஜனில் நிற்காது. லாந்தனம் அடுக்குக்குள் இடம் இருக்கிறது, கூடுதல் ஆக்சிஜன் உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும். ஒவ்வொரு கூடுதல் ஆக்சிஜனும் இரண்டு துளை, நீல் வெப்பநிலை (எதிர்ஃபெரோ ஒழுங்கு தொடங்கும் வெப்பநிலை) மளமளவென்று விழும். 330 என்பது சுத்தமான 4.00க்கு மட்டும். இரண்டு, தளத்துக்குள் சுழற்சிகளின் பிடி பலம், சுமார் 30 மில்லி எலக்ட்ரான்வோல்ட். தளங்களுக்கிடையே ஏறக்குறைய ஒன்றுமில்லை. அதனால் நீல் வெப்பநிலைக்கு மேலேயே தளத்துக்குள் எதிரெதிர் ஒழுங்கு பெரிய தூரத்துக்குப் பரவிவிடுகிறது, நீண்டதூர ஒழுங்கு வரும்போது மொத்தக் காந்த ஏற்புத்திறனில் பெரிய அடையாளம் இருக்காது. நியூட்ரானில் பளிச்சென்று தெரியும், விஎஸ்எம்மில் தேடித்தான் பார்க்க வேண்டும். சுத்தமான 4.00இல் 70, 80 கெல்வின் பக்கம் அமைப்பு இன்னொரு முறை மாறி, சுழற்சிகள் லேசாகச் சாய்ந்து சின்ன ஃபெரோ பங்கு வரும். உன் 214இல் அது தெரிந்தால் ஆக்சிஜன் அளவு நன்றாக இருக்கிறது என்று அர்த்தம்.

327இன் 140, 150 வளைவு. உண்மையாகவே அங்கே ஒன்று இருக்கிறது, மியூவான் சுழற்சி, அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு, ரிக்ஸ் (எக்ஸ்ரே சிதறல் முறை) எல்லாவற்றிலும் 150 கெல்வின் பக்கம் சுழற்சி அடர்த்தி அலை பார்த்திருக்கிறார்கள். ஆனால் 4310க்கும் 140 பக்கம் இதே மாதிரி ஒரு மாற்றம் உண்டு. உன் வில்லையில் 4310 கலந்திருக்கலாம் என்று மல்லிகா கணக்கே போட்டுக் கொடுத்துவிட்டார். அகலமான ஒரு வளைவை வைத்து இரண்டில் எது என்று சொல்ல முடியாது. எக்ஸ்ஆர்டியை 20இலிருந்து ஓட்டாதே, 5 டிகிரியிலிருந்து மெதுவாக ஓட்டு. அடுக்கின் உயரம் நேரடியாகத் தெரியும் இடம் அதுதான். 327க்கு 8.6 பக்கம், 4310க்கு 6.3 பக்கம், 214க்கு 14 பக்கம். பொடியில் பலவீனமாகத்தான் இருக்கும், எண்ணும் நேரத்தைக் கூட்டு. அதோடு, ஒரே 327 கலவையிலேயே ஓரடுக்கும் மூவடுக்கும் மாறி மாறி அடுக்கிய இன்னொரு வடிவமும் இருக்கிறது என்று 2024 வாக்கில் கண்டுபிடித்தார்கள். படிகம் வளர்த்த ஆட்களே அதில் குழம்பியிருக்கிறார்கள்.

பாயான் லெப்பாஸ் குமரன் எழுதியது:

கதிர் அண்ணே, பாதி புரிந்தது, பாதி வேலை முடிந்து வந்து படிக்கிறேன். ஒரே ஒரு சந்தேகம். எல்லாவற்றுக்கும் ஆக்சிஜன்தான் என்கிறீர்கள். அது 6.9ஆ 7.0ஆ என்று எப்படிக் கண்டுபிடிப்பது? எக்ஸ்ரேயில் தெரியுமா?

பட்டர்வொர்த் மல்லிகா எழுதியது:

நல்ல கேள்வி. எக்ஸ்ரேயில் லாந்தனம் பக்கத்தில் ஆக்சிஜன் கண்ணுக்கே தெரியாது, 57 எலக்ட்ரானுக்குப் பக்கத்தில் 8. நியூட்ரான் நம்மிடம் இல்லை. இரண்டு மலிவான வழி இருக்கிறது.

ஒன்று டிஜிஏ, அதாவது சூடாக்கிக்கொண்டே எடை மாறுவதை அளப்பது. ஆர்கானில் 5 சதவீத ஹைட்ரஜன் கலந்து சூடாக்கினால் கடைசியில் லாந்தனம் ஆக்சைடும் நிக்கல் உலோகமும் மட்டும் மிஞ்சும். போன எடை எல்லாம் ஆக்சிஜன். 214 சரியாக 4.00 என்றால் 4.00 சதவீதம் குறையும், 4.10 என்றால் 4.38. 327 சரியாக 7.00 என்றால் 6.19 சதவீதம், 6.90 என்றால் 5.96. வித்தியாசம் சின்னதுதான், அதனால் 30 மில்லிகிராமாவது வையுங்கள், காலி மூசையோடு ஒரு முறை ஓட்டிக் கழித்துவிடுங்கள். பொடியில் ஈரமோ கார்பனேட்டோ இருந்தால் அதுவும் எடையில் சேர்ந்துவிடும், முதலில் ஆர்கானிலேயே 300 டிகிரி வரை ஓட்டி எடை நிலைப்பதைப் பாருங்கள். முடிந்தபின் மூசையில் இருப்பதைக் காந்தத்தில் காட்டினால் ஒட்டும், அதுதான் நிக்கல் உலோகம், முழுக்கக் குறைந்துவிட்டது என்பதற்கு ஓர் அடையாளம்.

இரண்டு அயோடிமிதித் தரம்பார்த்தல். பொட்டாசியம் அயோடைடு கரைசலில் பொடியைப் போட்டு ஹைட்ரோகுளோரிக் அமிலம் சேர்த்தால் 2+க்கு மேலே இருக்கும் நிக்கல் அயோடினை விடுவிக்கும். ஆக்சிஜன் சரியாக 4.00 உள்ள 214 அயோடினே விடாது, கரைசல் நிறம் மாறாது. கொஞ்சம் பழுப்பேறினாலே கூடுதல் ஆக்சிஜன் இருக்கிறது என்று அங்கேயே தெரிந்துவிடும். 327இல் ஒரு வாய்பாட்டுக்கு ஓர் அயோடின் அணு.

யாழினி, 60 கெல்வினுக்குக் கீழே உங்கள் மின்தடை ஏறுவதற்கும் ஆக்சிஜனைத்தான் முதலில் சந்தேகப்படுவேன். 327இல் ஆக்சிஜன் குறைந்தால் அது போவது பெரும்பாலும் அந்த நடு ஆக்சிஜன், கதிர் சொன்ன இசட் பிடிக்குக் காரணமானது. அது போனால் உலோகத்தன்மையும் போய்விடும், 1990களிலேயே ஆக்சிஜன் குறைந்த 327ஐச் செய்து இதைக் காட்டியிருக்கிறார்கள். நன்றாகச் சுட்டபின் ஆக்சிஜன் ஓட்டத்தில் 500 டிகிரியில் சில நாள் வைத்து, நிதானமாகக் குளிரவிடுங்கள். பிறகு அளந்தால் ஏற்றம் குறைகிறதா பாருங்கள். குறைந்தால் ஆக்சிஜன். மாறவே இல்லை என்றால் வில்லைத் துகள்களின் எல்லை. அழுத்திய வில்லையில் அடர்த்தி 60, 70 சதவீதம்தான் இருக்கும், நீங்கள் அளப்பதில் பாதி அந்த எல்லைகளின் தடைதான்.

குளுகோர் யாழினி எழுதியது:

அக்கா, அயோடிமிதி எங்கள் பக்கத்து வேதியியல் லேபிலேயே செய்யலாம் என்று கேட்டு வைத்துவிட்டேன், டிஜிஏவுக்கு ஹைட்ரஜன் அனுமதி கிடைக்க நாளாகும் போல. 5 டிகிரியிலிருந்து ஸ்கேன் ஓடிக்கொண்டிருக்கிறது, 6.3 பக்கம் ஒரு மேடு மாதிரி தெரிகிறது, 8.6லும் இருக்கிறது. ஆகவே 140 வளைவைப் பற்றி ஆய்வறிக்கையில் இப்போதைக்கு ஒன்றும் எழுதப்போவதில்லை. வில்லை நடுத்துண்டில் ஹிஸ்டரிசிஸ் பாதிக்கு மேல் குறைந்துவிட்டது. அயோடிமிதியில் கவனிக்க வேண்டியது ஏதாவது?

பட்டர்வொர்த் மல்லிகா எழுதியது:

இருக்கிறது. கரைசலில் கரைந்திருக்கும் காற்று ஆக்சிஜனும் அயோடைடை அயோடினாக்கும், உங்கள் எண் பொய்யாகக் கூடிவிடும். அமிலம் ஊற்றும் முன் நைட்ரஜனைக் கால் மணி நேரமாவது குமிழவிடுங்கள், தரம்பார்க்கும்போதும் மேலே ஓடிக்கொண்டே இருக்கட்டும். பொடி இல்லாமல் ஒரு வெற்று ஓட்டம் எடுத்துக் கழியுங்கள். 327 மெதுவாகத்தான் கரையும், கல்வத்தில் நைசாக அரையுங்கள், குடுவையை மூடிக் கலக்கிக்கொண்டே இருங்கள், அடியில் ஒரு கரும்புள்ளி இருந்தாலும் தயோசல்ஃபேட்டைத் தொடங்காதீர்கள். ஸ்டார்ச்சை முதலிலேயே ஊற்றாமல், பழுப்பு வெளிறி வைக்கோல் மஞ்சளுக்கு வந்தபின் ஊற்றுங்கள். நீலம் போனதும் தண்ணீர் மாதிரி ஆகும் என்று எதிர்பார்க்காதீர்கள், நிக்கல் 2+இன் இளம்பச்சை மிஞ்சும், அதுதான் முடிவுப்புள்ளி. ஸ்டார்ச் கரைசலை அன்றைக்குக் காலையில் புதிதாகக் காய்ச்சுங்கள், நம் ஊர் வெயிலில் நேற்றுக் காய்ச்சியதே புளித்துவிடுகிறது.